கல்லாவை ஒப்படைத்த பின் பார்க்க வேண்டிய கணக்கு

நம்மில் பெரும்பாலோருக்கு மாதப் பென்ஷன் கிடையாது. முதுமைக்கென்று சேர்த்ததில் ஒரு பகுதியைப் பலரும் இன்று பங்குகளிலும் மியூச்சுவல் பண்டிலும் போட்டிருக்கிறார்கள். "அது பிள்ளைகளுக்கு" என்று சொல்லித் தொடாமலே வைத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கே பாரமாகிறது என்பது என் கருத்து.

தந்தைக்குப் பின் பங்குகள் மகன் பெயருக்கு மாறும்போது வரி இல்லை. ஆனால் மகன் அவற்றை விற்கும்போது, தந்தை வாங்கிய பழைய விலைதான் கொள்முதல் விலை. தந்தை காலத்து லாபத்துக்கும் மகனே வரி கட்ட வேண்டும்.

ஓர் உதாரணம். 2019-ல் 3 லட்சத்துக்கு வாங்கிய பங்குச் சந்தைப் பண்டு இன்று 8 லட்சம். லாபம் 5 லட்சம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால், 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம். கடை வருமானம் உள்ள மகன் ஒரே ஆண்டில் விற்றால் செஸ் உட்பட ரூ.48,750 வரி.

இதையே ஓய்வுபெற்ற தந்தை செய்தால்? அவருக்கு வட்டி வருமானம் 2 லட்சம் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையின் அடிப்படை வரம்பு 4 லட்சம். மிச்சமுள்ள 2 லட்சத்தையும் இந்த லாபத்தில் கழிக்கலாம். ஆக அந்த ஆண்டில் 3.25 லட்சம் லாபத்துக்கு வரி இல்லை. விலையும் விதியும் அப்படியே இருந்தால், மீதி 1.75 லட்சத்தை மறு ஆண்டில் எடுக்கலாம். விற்ற பணத்தில் அதே பண்டைத் திரும்ப வாங்கினால் புது விலையே கொள்முதல் விலை. பிள்ளைகளுக்குப் பழைய பாக்கி இல்லை.

சில எச்சரிக்கைகள்: திரும்ப வாங்கியதற்கு ஓராண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும்; அதற்குள் விற்றால் வரி 20 சதவீதம். கணவர் பணத்தில் மனைவி பெயரில் வாங்கியிருந்தால் லாபம் கணவர் கணக்கில் சேரும். வரி இல்லாவிட்டாலும், லாபத்தையும் சேர்த்து வருமானம் வரம்பைத் தாண்டினால் ரிட்டன் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்கப் பேரம் பேசும் நாம், இதை மட்டும் விட்டுவிடலாமா? மார்ச் 31-க்கு முன் ஆடிட்டரிடம் கடைக் கணக்கோடு சொந்தச் சேமிப்புக் கணக்கையும் காட்டுங்கள். வருமானம் குறைந்த ஆண்டுகள்தான் இதற்கு ஏற்ற காலம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வோம்.