ரயில்வேயின் இலச்சினை

புதுக்கோட்டை ரயில் நிலையம் அமிருத பாரத நிலையத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பது மாவட்டத்து ஜனங்களுக்கு மகிழ்ச்சி தரும் விஷயமே. முகப்பும் நடைமேடையும் பிரயாணிகள் தங்குமிடமும் சீர்பெறுவதை யார்தான் வேண்டாமென்பர்? ஆனால் கட்டடம் புதிதாகும்போது, அதன் நெற்றியில் எந்தச் சின்னம் பொறிப்பது, சுவருக்கு எந்த வர்ணம் பூசுவது, பெயர்ப்பலகையை எங்கே நிறுத்துவது என்னும் கேள்விகளும் கூடவே எழுகின்றன. இவை அற்ப விஷயங்கள் என்று சிலர் ஒதுக்கக்கூடும். நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. இந்நாட்டில் சர்க்காருக்கும் சாமானிய ஜனங்களுக்கும் நாள்தோறும் நேருக்கு நேர் சந்திப்பு நிகழும் இடம் ரயில் நிலையமே. அங்கே சர்க்கார் எந்த முகத்தோடு ஜனங்கள் முன் நிற்கிறது என்பது கவனிக்கத்தக்கதேயாகும்.

இலச்சினையின் மதிப்பைப் புதுக்கோட்டையாருக்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை. தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்த காலத்தில் இவ்வூருக்குச் சொந்த நாணயம் இருந்தது. ஒருபுறம் பிரகதாம்பாள் உருவமும், மறுபுறம் தெலுங்கு லிபியில் 'விஜய' என்ற சொல்லும் கொண்ட அம்மன் காசு அது. இருபது காசு சேர்ந்தால்தான் ஓரணா. மதிப்பில் அவ்வளவு சிறியது. ஆயினும் நவராத்திரி நாட்களில் அரிசியோடு அக்காசையும் பெற்றுச் சென்ற ஏழைக்கு, தான் எந்த நாட்டுக்குடி என்பதை அது உணர்த்தியது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. காசு செலாவணியிலிருந்து மறைந்தாலும் அதன் பெயர் ஜனங்கள் நாவில் இன்றும் மறையவில்லை. கையில் புழங்கிய சின்னம் மனத்தில் நிலைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இச்சமஸ்தானத்தின் தலைநகருக்கு ரயில் வந்தது 1929-இல். திருச்சிராப்பள்ளியிலிருந்து கீரனூர் வழியாகப் புதுக்கோட்டைக்கு வந்த மீட்டர் பாதை, அடுத்த ஆண்டு திருமயம், காரைக்குடி வழியாக மானாமதுரையை எட்டியது. அப்பாதை தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பொறுப்பில் இருந்தது. லண்டனில் பதிவான கம்பெனி அது. அதன் எஸ்.ஐ.ஆர். என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களே அன்று ரயில்வேயின் இலச்சினை. அவை நமக்குக் கூறிய செய்தி ஒன்றே: தண்டவாளம் கிடப்பது உங்கள் மண்ணில், உடைமை பிறருடையது. 1944 ஏப்ரல் முதல் தேதி அக்கம்பெனியின் நிர்வாகத்தைச் சர்க்கார் ஏற்றது. 1951 ஏப்ரல் 14-இல் தென்னிந்திய ரயில்வேயும், சென்னை தென் மராட்டா ரயில்வேயும், மைசூர் ரயில்வேயும் ஒன்றாகித் தெற்கு ரயில்வே பிறந்தது. மூன்று ஸ்தாபனங்களின் மூன்று அடையாளங்கள் ஒழிந்து, தேசத்தின் அடையாளம் வந்தது.

அந்த அடையாளத்தைத்தான் இன்றும் காண்கிறோம். வட்டத்தின் நடுவே நீராவி எஞ்சின். அதைச் சூழ நட்சத்திரங்கள். நீராவி எஞ்சின்களோ, மலைப்பாதைகள் முதலிய சில இடங்கள் நீங்கலாக, 1990-களோடு ஓய்வு பெற்றுவிட்டன. அகலப் பாதைகளில் அநேகமாக எல்லாம் மின்சாரமயமாகிவிட்டன. கரியும் புகையும் போன பின்னும் எஞ்சினின் உருவம் மட்டும் ஏன் என்று கேட்போர் உண்டு. இதில் குற்றம் ஒன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இலச்சினை என்பது இன்றைய இயந்திரத்தின் படமன்று. எல்லோரும் ஒப்பிய ஓர் அடையாளம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் அதைக் கண்டால் ரயில் என்று அறிகிறாள். அதற்கு மேல் ஓர் இலச்சினை செய்ய வேண்டிய சேவை என்ன இருக்கிறது?

நம் கவலையெல்லாம் அடிக்கடி மாறும் வர்ணங்களைப் பற்றியதே. 1955-இல் பெரம்பூரில் திறக்கப்பட்ட தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட வண்டிகள் வெகுகாலம் செங்காவி நிறத்தில் ஓடின. 1990-களில் நீலம் வந்தது. அந்த மாறுதலுக்கு அர்த்தம் இருந்தது: காற்றழுத்த பிரேக் பொருத்திய வண்டி இது என்று அந்நிறம் ரயில்வே தொழிலாளிக்கு அறிவித்தது. 2018-இல் பழைய வண்டிகளுக்கு மங்கிய மஞ்சளும் பழுப்பும் பூசினார்கள். அவ்வாண்டே பெரம்பூர் தந்த வந்தே பாரத் ரயில் வெள்ளையும் நீலமுமாக எழுந்தது; ஐந்தாண்டு செல்வதற்குள், 2023-இல், காவி நிற வந்தே பாரத்தும் வந்தது. தூரத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படுவதற்காகவே அந்நிறம் என்று ரயில்வே மந்திரி விளக்கம் கூறினார். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். அப்படியானால் எல்லா வண்டிகளுக்கும் அதுவே விதியாகியிருக்க வேண்டுமல்லவா? விதியில்லாத மாறுதல் எந்தக் கட்சியின் ஆட்சியில் நிகழ்ந்தாலும், ஜனங்கள் அதில் காண்பது அதிகாரத்திலிருப்போரின் ருசியையேயன்றி ரயில்வேயின் தேவையையன்று.

ஜனங்களின் அன்பைப் பெற்ற சின்னமும் இல்லாமற் போகவில்லை. 1853 ஏப்ரல் 16-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிய முதல் பிரயாணி ரயிலின் 150-ஆம் ஆண்டை ஒட்டி, ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் கையில் பச்சை விளக்கேந்திய யானைக்குட்டி ஒன்றை வரைந்து தந்தது. கார்டு உடையணிந்த அந்த 'போலு' 2002-இல் அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டே ரயில்வே அதை நிரந்தரச் சின்னமாக ஏற்றது. இரண்டு ரூபாய் நாணயத்திலும் அது இடம் பெற்றது. பச்சை விளக்கு வழி தெளிவாயிருக்கிறது என்பதற்கு அறிகுறி. யானை பலத்துக்கும் பொறுமைக்கும் அறிகுறி. பாஷை எதுவாயினும் குழந்தைக்கும் விளங்கும் சின்னம். இத்தகையதைப் பேணிப் பரப்பாமல், புதிது புதிதாக வர்ணம் தேடுவானேன்?

எல்லாவற்றினும் ஜனங்களுக்கு நெருக்கமானது மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் காணும் ஊர்ப்பெயரே. அது வெறும் பலகையன்று என்பதைத் தமிழ்நாட்டின் சரித்திரம் காட்டும். 1952-இல் நிலையப் பலகைகளிலிருந்த ஹிந்தி எழுத்துக்களைத் தார் பூசி அழிக்கும் கிளர்ச்சி நடந்தது. 1953 ஜூலையில், டால்மியாபுரம் என்ற நிலையப் பெயரின் மேல் கல்லக்குடி என்ற ஊர்ப்பெயரை ஒட்டிப் போராடியவர்கள் சிறை சென்றார்கள். 1969-இல் அந்நிலையம் கல்லக்குடி என்றே ஆயிற்று. கிளர்ச்சியின் முறையைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் ஓர் ஊர் தன் பெயரைத் தன் எழுத்தில், முதலிடத்தில் காண விரும்புவது நியாயம் என்பதில் பேதத்துக்கு இடமில்லை. இன்று தமிழ்நாட்டு நிலையங்களில் தமிழ் மேலே நிற்பதே அதற்குச் சாட்சி.

பிற நாடுகளின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். பிரிட்டிஷ் ரயில்வே 1965-இல் இரட்டை அம்புக் குறியை ஏற்றது. 1990-களில் அந்த ஸ்தாபனம் பல கம்பெனிகளாகச் சிதறியது. ஸ்தாபனம் போயிற்று, குறி போகவில்லை. ரயில் நிலையம் எங்கே என்று அந்நாட்டு வீதிகளில் வழி காட்டுவது இன்றும் அதுவே. ஜப்பானின் தேசிய ரயில்வே 1987-இல் பிரிந்தபோதும் புதிய கம்பெனிகள் ஜே.ஆர். என்ற ஒரே குறியையே கொண்டு, நிறத்தால் மட்டும் வேறுபட்டன. கம்பெனிகள் பிரிந்த நாடுகளே ஒரு குறியைக் காத்து நிற்கையில், தேசத்தின் உடைமையாக ஒன்றுபட்டு நிற்கும் நம் ரயில்வே தன் தோற்றத்தில் மட்டும் நிலையின்றி அலைவது அழகாகுமா?

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. இலச்சினை, வர்ணம், எழுத்து, பலகை ஆகியவற்றுக்கு ரயில்வே போர்டு நிலையான விதி ஒன்றை வகுத்துப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். மாற்றுவதாயின் காரணத்தைக் கூறி, ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்ட பின்னரே மாற்ற வேண்டும். தேசம் முழுதுக்கும் பொதுவானது பொதுவாகவே இருக்கட்டும். ஊருக்குரியதற்கு ஊர் இடம் தரட்டும்.

புதுக்கோட்டைக்கு உரியது எது என்று அதிகாரிகள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. சித்தன்னவாசல் குகையின் விதானத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தாமரைக் குளம் ஒன்று பூத்திருக்கிறது. மீனும் அன்னமும் நீந்த, மலர் கொய்வோர் நிற்க, அக்குளத்தில் யானைகளும் இறங்கி நிற்கின்றன. ரயில்வே தன் யானைக்கு ஊர் தேடினால், இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. எங்கும் ஒரே அச்சில் வார்த்த பூச்சு வேலையை விடுத்து, அந்த ஓவியத்தைத் தேர்ந்த சித்திரக்காரரைக் கொண்டு புதிய முகப்பில் தீட்டினால், வண்டியிலிருந்து இறங்கும் அந்நியரும் தாம் வந்த ஊர் எதுவென்று ஒரு பார்வையில் அறிவர்.

மந்திரிகள் வருவர், போவர். வண்டிகள் பழையனவாகிக் கழியும். ரயில்வேயை வரியாலும் கட்டணத்தாலும் வளர்க்கும் ஜனங்களே அதன் நிரந்தர உடைமையாளர். உடைமையாளரைக் கேளாமல் அவர்கள் வீட்டு வாசலுக்கு வர்ணம் பூசும் வழக்கத்தை ரயில்வே அதிகாரிகள் இனியேனும் கைவிடுவார்களென்று எதிர்பார்க்கிறோம்.