கண்கட்டியும் பாட்டியும்

ஆரம்பாக்கத்தில் என் மாணவன் ஒருவன் இமை வீங்கி, நாமக்கட்டிப் பூச்சோடு வகுப்புக்கு வந்தான். “சாயங்காலம் பாட்டி பிதுக்கி விடுவாங்க, ஸார்” என்றான். இறால் உரிக்கும் கைகள்! பள்ளி விட்டதும் அவனோடு நானும் சென்றேன்.

கண்கட்டி இரு வகைப்படும். இமை விளிம்பில் மயிர்க்காலை ஒட்டிச் சிவந்து வலிப்பது கிருமியின் வேலை. இமைக்குள் வலியின்றி மிளகுபோல் தங்குவது, எண்ணெய்ச் சுரப்பி அடைபடுவதால் உண்டாவது. அச்சுரப்பிகளை 1666-ல் விவரித்தவர் மைபோம் என்ற ஜெர்மானிய வைத்தியர்.

இரண்டுக்கும் முதல் சிகிச்சை ஒன்றே. கையைச் சோப்பிட்டுக் கழுவி, சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 10 நிமிஷம் ஒற்றடமிட வேண்டும். தினம் மூன்று நான்கு முறை செய்தால் உறைந்த எண்ணெய் இளகும். முன்னது பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். பின்னதற்கு மாதக்கணக்கும் ஆகலாம். பிதுக்கினால் கிருமி பரவும். வீக்கம் கண்ணைச் சுற்றிப் பரவினாலோ, ஜுரம் கண்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றே வைத்தியரை நாடுக.

பாட்டியின் இமையிலும் ஒரு கட்டி இருந்தது. இரு முறை பிதுக்கியும் அதே இடத்தில் மீண்டதாம். அங்கே இமைமயிரும் உதிர்ந்திருந்தது. முதியவர்களுக்கு இப்படி வருவது, அபூர்வமாகப் புற்றாகவும் இருக்கக்கூடும். சதை எடுத்துச் சோதித்தே தெளிய வேண்டும்.

பேரனுக்கு ஒற்றடம் சொன்னேன். பாட்டியை, 1819 முதல் நடந்துவரும் எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றி அனுப்பினேன்.