பெண்ணின் முதுகைப் பாருங்கள்!

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்கு வரும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அந்தப் படிகளை ஓடியே ஏறிவிடுகிறார்கள். அப்படி ஓடுகிற பெண்களில் ஒருத்திக்கு முதுகெலும்பு வளைந்து கொண்டிருக்கலாம். அவளுக்கு வலி இல்லை. மூச்சு வாங்கவில்லை. ஆகவே அவளுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது.

டாக்டர்கள் இதை "ஸ்கோலியோசிஸ்" என்கிறார்கள். கூன் வேறு, இது வேறு. கூன் முன்பக்கம் குனிய வைக்கும். இதில் முதுகெலும்பு இடமாகவோ வலமாகவோ சாய்ந்து, கொஞ்சம் முறுக்கிக் கொள்ளும். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது ஓரளவு உண்டு. பெரும்பாலோருக்கு வளைவு சிறியது. அதனால் கெடுதல் இல்லை. சிலருக்கு மட்டும் வளரும் வயதில் மளமளவென்று கூடிவிடும். அந்தச் சிலரில் பெண்களே மிக அதிகம்.

தையற்காரர் மேல் பழி

ஒரு தோள் உயர்ந்திருக்கும். ஒரு பக்கத் தோள்பட்டை புடைத்து நிற்கும். பாவாடை ஒரு பக்கம் இறங்கித் தொங்கும். தையற்காரர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார் என்று அம்மா நினைப்பாள். அதிலேயே ஆறு மாதம் ஓடிவிடும்.

சின்ன வயதில் அம்மா குளிப்பாட்டுகிறாள். பத்து வயதுக்குமேல் பெண் தானே குளிக்கிறாள். அதன்பின் அவள் முதுகு யார் கண்ணிலும் படுவதில்லை. வளைவு வேகமாகக் கூடுவதோ அந்த வயதில்தான்!

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஆடம்ஸ் என்ற லண்டன் டாக்டர் 1865-ல் எழுதி வைத்தது அது. பிள்ளை பாதங்களைச் சேர்த்து நிற்க வேண்டும். முழங்காலை மடக்காமல், இரு கைகளையும் கூப்பித் தொங்கவிட்டு, முன்னால் குனிய வேண்டும். அம்மா பின்னால் நின்று பார்க்க வேண்டும். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாகத் தெரிந்தால் டாக்டரிடம் போக வேண்டும். காசு செலவில்லை, ஒரு நிமிஷ வேலை.

தூளியில் போட்டதாலா?

பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று தெரியவில்லை. சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. தூளியில் போட்டதால் வந்தது, புத்தகப் பை சுமந்ததால் வந்தது, கோணலாக உட்கார்ந்ததால் வந்தது என்பதெல்லாம் சரியல்ல. கிரகணத்தின் மேலும் பழி போட வேண்டாம். பெற்றவளை ஏசுவது பெரும் அநியாயம். ஒரு காலத்தில் இளம்பிள்ளை வாதத்தால் பல பிள்ளைகளுக்கு முதுகு வளைந்தது. இந்தியாவில் இயற்கையான கிருமியால் கடைசியாக அந்த நோய் கண்டது 2011-ல்.

ராத்திரியில் முதுகு வலி, காய்ச்சல், உடல் மெலிவு, கால் மரத்துப் போதல் இருந்தால் விஷயம் வேறு. அது முதுகெலும்பில் வந்த காசநோயாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காசநோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது.

புத்தூருக்குப் போகலாமா?

எலும்பு என்றதும் திருத்தணிக்காரர்களுக்கு ஆந்திரத்துப் புத்தூர்தான் நினைவுக்கு வரும். முறிந்த எலும்புக்குப் புத்தூர்க் கட்டு பெயர் பெற்றது. ஆனால் இங்கே எலும்பு முறியவில்லை. வளர வளரத் திரும்புகிறது. கட்டுப் போட்டாலும், எண்ணெய் தடவி உருவிவிட்டாலும் நிமிராது. அதில் போகும் மாதங்கள் திரும்பி வராது.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வளைவை அளப்பார். 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் இந்த நோய் என்று பெயர். சிறிய வளைவுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து வந்தால் போதும். 25 முதல் 40 டிகிரி வரை இருந்து, பிள்ளை இன்னும் வளர வேண்டியிருந்தால் உடம்போடு பொருந்தும் பட்டை போடுவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆராய்ச்சி 2013-ல் வெளிவந்தது. பட்டை போட்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்கு வளைவு கூடவில்லை. போடாதவர்களில் அப்படித் தப்பியவர்கள் 48 பேர். அதிக நேரம் அணிந்தவர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது. நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் என்றால் திருத்தணி வெயிலில் அது தண்டனை மாதிரிதான். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போட வேண்டும். குளிக்கவும் விளையாடவும் கழற்றலாம். வளர்ச்சி நின்றபின் பட்டையால் பயனில்லை.

வளைவு 50 டிகிரியை நெருங்கினால் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள். கம்பி வைத்து நிமிர்த்தும் பெரிய ஆபரேஷன் அது. டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டே சம்மதிக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பயந்து

"வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள்?" என்று சில வீடுகளில் மறைக்கிறார்கள். மறைப்பதால்தான் வளைவு கூடி, ஊருக்கே தெரிகிறது. பள்ளியில் "கூனி" என்று பட்டப் பெயர் வேறு! ராமாயணத்து மந்தரை செய்த வினைக்கு இந்தப் பெண்ணா பொறுப்பு? 2009-ல் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசேன் போல்ட்டுக்கும் முதுகில் இந்த வளைவு உண்டு. இவர்கள் ஓடலாம், ஆடலாம், படி ஏறலாம், பிள்ளை பெறலாம்.

பள்ளிகளுக்கு அரசாங்க மருத்துவக் குழு வருகிறது. கண்ணையும் பல்லையும் பார்ப்பதோடு, ஆறாம் வகுப்பு முதல் பெண்களின் முதுகையும் ஒரு பெண் நர்ஸ், தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். தலைமை ஆசிரியர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

திருத்தணியில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். எதிரிலேயே அரசாங்கப் பொது ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போய், சிகிச்சைக்கு உதவுமா என்று அங்கேயே விசாரிக்கலாம். பழைய எக்ஸ்ரே படங்களையும் மறக்காமல் கொண்டுபோக வேண்டும். வளைவு கூடியிருக்கிறதா என்று டாக்டர் அவற்றைப் பார்த்தே சொல்வார்.