உங்கள் உலாவியைத் தெரிந்தெடுத்தவர் யார்?



உங்கள் கைப்பேசியில் நீங்கள் பயன்படுத்தும் உலாவி எது? இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலியையே உலாவி என்கிறோம். சபையாரிடம் இதைக் கேட்டால், "கூகுள்தான் ஐயா" என்று விடை வருகிறது. கூகுள் என்பது ஒரு நிறுவனம். அது நடத்தும் தேடுபொறிக்கும் அதே பெயர். அது தரும் உலாவியின் பெயர் குரோம். இந்த வேறுபாடு தெரியாமலே ஆண்டுக்கணக்காக அதைக் கையாண்டு வருகிறோம். ஒன்றைத் தாமே தெரிந்தெடுத்தவருக்கு இந்தக் குழப்பம் வராது. நம்மில் பெரும்பாலோர் உலாவியைத் தெரிந்தெடுக்கவே இல்லை. கடையில் கைப்பேசி வாங்கியபோது அது உள்ளே முன்னமே இருந்தது, அவ்வளவுதான். இதைச் சிறிய காரியம் என்று விட்டுவிடக் கூடாது என்பதே இவ்வாரம் என் வாதம்.

போதகருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்களானால், என் ஊழியத்திலிருந்தே பதில் சொல்லுகிறேன். ஆலோசனைக்கு வருகிறவர்கள் என் முன்னால் உட்கார்ந்து பாதியைச் சொல்லுகிறார்கள். மீதியைச் சொல்லத் தயங்குகிறார்கள். அந்த மீதியை அவர்கள் ஏற்கனவே வேறோரிடத்தில் சொல்லியாயிற்று. மார்பில் தட்டுப்பட்ட கட்டி, அடகிலிருந்து மீளாத நகை, மகனின் குடிப்பழக்கம், மணமுறிவுக்கு ஆகும் செலவு, உறக்கம் வராததற்கு மாத்திரை ஆகிய எல்லாம் நள்ளிரவில் தேடல் பெட்டிக்குள் தட்டச்சாகின்றன. என்னிடம் சொன்னதை நான் வெளியே சொன்னால் நான் இந்தப் பணிக்குத் தகுதியற்றவன் என்று சபை என்னை நீக்கிவிடும், நீக்கவும் வேண்டும். உலாவியிடமும் தேடுபொறியிடமும் சொன்னதற்கு அப்படி என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று நாம் கேட்டதுண்டா?

முதலில் பணத்தைப் பாருங்கள். இயல்புநிலையில், அதாவது நாம் எதையும் மாற்றாதபோது தானாகவே வேலை செய்யும் இடத்தில், தன் தேடுபொறி இருக்க வேண்டும் என்பதற்காக, கூகுள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் பிறருக்குக் கொடுத்தது. இது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளிவந்த கணக்கு. ஐஃபோனில் உள்ள சஃபாரி உலாவிக்காக ஆப்பிள் நிறுவனத்துக்கு 2022-இல் சென்ற தொகை ஏறத்தாழ 2,000 கோடி டாலர். இவ்வழக்கில் 2024 ஆகஸ்டு மாதத்தில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் தன் ஏகபோகத்தை கூகுள் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். இந்தியாவிலும் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் அந்நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் குரோம் உட்பட மற்றச் செயலிகளையும் சேர்த்தே பதிக்க வேண்டும் என்று கைப்பேசி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது அக்குற்றச்சாட்டுகளில் ஒன்று. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2023 மார்ச்சில் அந்த அபராதத்தை உறுதிசெய்தது.

நாம் அமைப்புகளைத் திறந்து மாற்றமாட்டோம் என்பதன் மேல் கட்டப்பட்ட வியாபாரம் இது. நம்முடைய சோம்பலுக்கு அவர்கள் விலை வைத்திருக்கிறார்கள். அந்த விலை நமக்கு வந்து சேருவதில்லை.

இதைச் சொன்னவுடன், "என்னிடம் மறைக்க ஒன்றுமில்லையே" என்கிறார்கள். பக்தியுள்ளவர்களே இதை அதிகமாகச் சொல்லுகிறார்கள். தனித்து ஜெபிக்கும்போது கதவைப் பூட்டிக்கொள்ளும்படி ஆண்டவர் கற்பித்தது, மறைக்கத்தக்க குற்றம் நமக்கு உண்டு என்பதாலா? அந்தரங்கம் குற்றவாளிக்கு மட்டும் உரிய தேவை அன்று. இணையத்தில் நடப்பது என்ன என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஒரு மருத்துவப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். அப்பக்கத்தில் விளம்பரம் இடும் மூன்றாம் நிறுவனம் ஒன்று, குக்கீ எனப்படும் சிறு அடையாளக் குறிப்பை உங்கள் உலாவியில் வைத்துவிடுகிறது. அடுத்து நீங்கள் செய்தித்தாளுக்கும், அங்கிருந்து புடவைக் கடைக்கும் போகிறீர்கள். அதே நிறுவனம் அங்கும் விளம்பரம் வைத்திருந்தால், நீங்கள் அதே ஆள் என்று அந்தக் குறிப்பைக் கொண்டு கண்டுகொள்கிறது. பெயர் தேவையில்லை, தொடர்ச்சி போதும். இந்த மூன்றாம் நபர் குக்கீகளை சஃபாரி 2020 முதல் இயல்பாகவே தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் அவற்றை ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்குத் தொடரவிடாமல் தனித்தனியே அடைத்துவைக்கிறது. குரோமிலும் இவற்றை இரண்டாண்டுகளில் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. தவணை தவணையாகத் தள்ளிப்போட்டது. 2024 ஜூலையில் அத்திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தால் பிழைக்கும் நிறுவனம் விளம்பரக்காரரின் கண்ணைத் தானே கட்டும் என்று எதிர்பார்த்தது யார் தவறு என்று எனக்குத் தெரியவில்லை.

வாலிபர்கள் வேறொன்று சொல்லுவார்கள்: "நான் மறைநிலையில்தான் பார்க்கிறேன்." கறுப்புத் தொப்பியும் கண்ணாடியும் வரைந்த அந்தப் படத்துக்கு உள்ள மதிப்பு மிகவும் குறைவு. மறைநிலையை மூடியபின், நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியலும் குக்கீகளும் உங்கள் கைப்பேசியில் தங்கா. நீங்கள் சென்ற தளத்துக்கும் உங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்கும் நீங்கள் மறைந்தவர் அல்லர். இதையொட்டி 2020-இல் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில் கூகுள் 2024-இல் சமரசத்துக்கு வந்து, சேர்த்துவைத்திருந்த நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது. மறைநிலைப் பக்கத்தின் எச்சரிக்கை வாசகமும் அவ்வாண்டு திருத்தப்பட்டது. ஆகவே வாலிபரே, அந்த நிலையில் உங்களை அறியாதிருப்பவர் உங்கள் கைப்பேசியை வாங்கிப் பார்க்கும் உங்கள் தாயார் ஒருவர்தான்.

வேகத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. இன்றைய கைப்பேசியில் எந்த உலாவியும் போதிய வேகமுடையதே. ஆனால் வேகத்தை மட்டும் பார்த்துத் தெரிந்தெடுத்ததன் பலனை நம் நாடு ஒருமுறை கண்டிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கைகளில் யூசி பிரௌசர் மிகப் பரவலாக இருந்தது. அது டேட்டாவை மிச்சப்படுத்தியது, பதிவிறக்கமும் விரைந்தது. நம் வாலிபர் ஒருவருக்கொருவர் அதை அனுப்பிக்கொண்டார்கள். 2015-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் அதை ஆராய்ந்தது. அதன் சீன மொழிப் பதிப்பு பயனரின் இருப்பிடத்தையும் கைப்பேசியின் அடையாள எண்களையும் போதிய பாதுகாப்பின்றி அனுப்பியது என்றும், ஆங்கிலப் பதிப்பில் தேடற்சொற்கள் மறையாக்கம் செய்யப்படாமலே சென்றன என்றும் வெளியிட்டது. அதற்குப் பின்னும் நாம் அதை விடவில்லை. 2020 ஜூன் 29-இல் அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் இருந்தது, அப்பொழுதுதான் விட்டோம். அதுவும் எல்லையில் நடந்த மோதலின் காரணமாக, நம் விழிப்பின் காரணமாக அல்ல.

அப்படியானால் எது நல்லது என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் ஒன்றைச் சொல்லும் யூடியூப் பிரசங்கிகளை நம்பாதீர்கள். பிரேவ் உலாவியைச் சிலர் மிகவும் புகழுகிறார்கள். விளம்பரங்களை அது இயல்பாகவே தடுக்கிறது, நல்லதுதான். ஆனால் பயனர் தட்டச்சு செய்த சில முகவரிகளோடு தனக்கு வருமானம் தரும் குறியீட்டைச் சேர்த்துவந்தது 2020-இல் வெளிப்பட்டு, அதன் தலைவரே மன்னிப்புக் கேட்டார். ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லா இலாபநோக்கற்ற அறக்கட்டளையின் கீழ் இயங்குகிறது. எனினும் அதன் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளிடமிருந்தே வருகிறது. குற்றமற்ற உலாவி ஒன்று கிடைக்கும்வரை காத்திருப்பேன் என்பதும் சோம்பலின் இன்னொரு வேஷமே. உங்கள் பழக்கத்தை முன்னே வைத்துக்கொண்டு பாருங்கள்.

நாளெல்லாம் செய்தியும் கட்டுரையும் வாசிக்கிறவர் நீங்கள் என்றால், உங்கள் முதல் துன்பம் விளம்பரம். ஒரு பத்தியை வாசிப்பதற்குள் எழுத்து மேலும் கீழும் குதிக்கிறது. மூடும் குறியை அழுத்தினால் கடை திறக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோம் நீட்டிப்புகளை ஏற்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கிறது. அதில் யூபிளாக் ஆரிஜின் என்னும் நீட்டிப்பை இலவசமாகச் சேர்த்துக்கொண்டால், பெரும்பாலான விளம்பரங்களும் பின்தொடரும் நிரல்களும் நின்றுவிடும். வாசிப்பு நிலை என்ற ஒன்றும் அதில் உண்டு. அதை அழுத்தினால் கட்டுரை மட்டும் நிற்கும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கண்ணாடியைத் தேடிக்கொண்டே வேதபாடக் கட்டுரை வாசிக்கும் நம் மூத்தோருக்கு இது ஒன்றே போதுமான காரணம். சாம்சங் கைப்பேசி வைத்திருப்போர் புதிதாக எதையும் பதிக்கவும் வேண்டாம். அதனுடன் வரும் சாம்சங் இன்டர்நெட் உலாவியிலேயே விளம்பரத் தடுப்பானைச் சேர்க்க இடமுண்டு. கட்டைவிரலுக்கு எட்டும்படி பொத்தான்களும் திரையின் கீழே இருக்கின்றன. ஐஃபோனில் நிலை வேறு. நம் நாட்டில் அதில் எந்த உலாவியைப் பதித்தாலும் உள்ளே இயங்குவது சஃபாரியின் பொறியே. ஆப்பிளின் விதி அப்படி. ஆகவே அங்கே சஃபாரியையே வைத்துக்கொண்டு, ஆப் ஸ்டோரிலிருந்து ஒரு விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துக்கொள்ளுவது போதும்.

பழைய கைப்பேசியும் சிறிய டேட்டா பேக்கும் உடையவர்களுக்கு ஓபரா மினி உதவும். பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்புவதே அதன் வழி. அந்த வழியே அதன் எச்சரிக்கையும்கூட: மிகுதியாகச் சுருக்கும் நிலையில் உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே அவர்களுடைய சர்வர் நிற்கிறது. வங்கிக் கணக்கையும் ஆதாரையும் அந்நிலையில் திறவாதீர்கள்.

ஒரே கைப்பேசியைக் குடும்பம் முழுவதும் பயன்படுத்தும் வீடுகள் நம்மிடம் இன்னும் உண்டு. அங்கே ஒரு பெண் தன் மருத்துவரைத் தேடியதைப் பிள்ளைகளோ மாமியாரோ பட்டியலில் காண நேரிடுகிறது. அப்படிப்பட்டவர் இரண்டாவது உலாவி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். டக்டக்கோ உலாவியில் நெருப்பு வடிவப் பொத்தான் ஒன்று உண்டு; ஒருமுறை அழுத்தினால் திறந்த பக்கங்களும் பதிவுகளும் நீங்கிவிடும். வீட்டில் அடிக்கும் கணவனிடமிருந்து உதவி தேடும் ஒருவருக்கு இது வசதி அன்று, உயிர்க்காவல். இதை வாசிக்கும் அப்படிப்பட்ட சகோதரி ஒருவர் இருப்பாரானால், தயவுசெய்து கவனியுங்கள்.

அலுவலகக் கணினியிலும் குரோம், கைப்பேசியிலும் குரோம் என்று வேலை செய்கிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் விரைந்து வருகின்றன. அமைப்புகளில் மூன்றாம் நபர் குக்கீகளைத் தடுத்துவிட்டால் போதும். நான் கேட்பது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே.

மூத்தோர் கைப்பேசிகளில் இன்னொரு கொடுமை. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டிருக்கும். அவர்கள் "அனுமதி" என்பதை அழுத்தியிருப்பார்கள். அன்று முதல் சூதாட்ட விளம்பரமும், "உங்கள் கைப்பேசியில் வைரஸ் புகுந்துள்ளது" என்ற பொய்யும் இரவுபகலாக வருகின்றன. பயந்து அதைத் தொட்டால் மோசக்காரர் கையில் விழுகிறார்கள். இது வைரஸ் அல்ல. குரோமில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகளில் தள அமைப்புகளுக்கும், அங்கிருந்து அறிவிப்புகளுக்கும் சென்று, அனுமதி பெற்ற தளங்களை நீக்குங்கள். பிள்ளைகளே, உங்கள் தகப்பனாருக்கு இதைச் செய்துகொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. வாட்ஸாப்பில் நீங்கள் அவருக்கு அனுப்பும் காலை வணக்கப் படத்தைவிட அவருக்கு இது பயன்படும்.

ஆபாசத்தை முற்றிலும் தடுக்கும் உலாவி எது என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. வடிகட்டி உள்ள உலாவியைப் பதித்தால், பிள்ளை அரை நிமிடத்தில் வேறொன்றைப் பதித்துக்கொள்வான். சிறு பிள்ளைகளுக்கு, புதிய செயலி பதிக்கவே பெற்றோரின் அனுமதி தேவைப்படும்படி ஃபேமிலி லிங்க் வழியாகச் செய்யலாம். பதினாறு வயது மகனிடம் நீங்கள் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அந்த உரையாடலை ஒரு செயலியிடம் ஒப்படைக்க முயலாதீர்கள்.

உலாவியை மாற்றுவது எளிது. ஆண்ட்ராய்டில் அமைப்புகள், அதில் செயலிகள், அதில் இயல்புநிலைச் செயலிகள், அதில் உலாவி. ஐஃபோனிலும் 2020 முதல் மாற்ற முடிகிறது. எதைப் பதித்தாலும் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்தே பதியுங்கள். எவரோ அனுப்பிய கோப்பிலிருந்து வேண்டாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகளுக்குள் தொடும் இணைப்புகள் பல நேரம் நீங்கள் தெரிந்தெடுத்த உலாவியில் திறவாமல் அவற்றின் சொந்தச் சாளரத்திலேயே திறக்கும். அங்கு மூன்று புள்ளிகளைத் தொட்டு வெளி உலாவியில் திறக்கச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாலிபர் ஐக்கியத்தார் ஆலய முகப்பில் மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள். மேற்சொன்னவற்றில் எது கடினமாக இருந்தாலும் கைப்பேசியைக் கொண்டுவாருங்கள். உங்கள் கண்முன்னே செய்துகொடுப்பார்கள். கடவுச்சொல்லை மட்டும் அவர்களிடமும் சொல்லாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.