முன்முற்றத்து ரோஜாவும் மூன்றடி மண்ணும்

கடந்த மாதம், நான் குடியிருக்கும் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நிர்வாகக் குழு கூடியது. நீர்த்தாங்கி, மின்தூக்கி, காவலாளியின் சம்பளம் ஆகிய விடயங்கள் பேசி முடிந்த பின்னர், கடைசியாக ஒன்று எஞ்சியிருந்தது. முன் மதிலோரமாக மூன்றடி அகலத்தில் இருபதடி நீளத்துக்குக் கிடக்கும் மண்ணை மூடித் தரையோடு பதித்து, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்த இடம் ஒதுக்குவது என்பதே அது. அந்த மண்ணில் இப்போது ஆறு ரோஜாச் செடிகள் நிற்கின்றன. நட்டவன் நான். ஆகவே, இந்த விடயத்தில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழுவின் செயலாளர் நல்ல மனிதர். மரியாதையுடன்தான் கேட்டார்: “ஐயா, குறை நினைக்காதேங்கோ. நின்று பூவைப் பார்க்க இந்தக் கட்டடத்தில ஆருக்கு நேரம் இருக்கு?”

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் எழுதியவனுக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

கொழும்பில் ரோஜா வளராது என்று நம்மவர்களில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறோம். ஹக்கல பூங்காவில், கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே, குளிரில் செழித்து நிற்கும் பெரிய ரோஜாக்களைப் பார்த்து மயங்குகிறோம். திரும்பும் வழியில் ஒரு கன்றை வாங்கி மடியில் வைத்துக் கொண்டுவருகிறோம். முதல் பூ மலரும். இரண்டாவது பூ சிறுக்கும். அடுத்த மழைக்காலத்தில் இலைகளில் கரும்புள்ளி விழுந்து, செடி மொட்டைக் குச்சியாக நிற்கும். பிறகு அந்தச் சாடியில் கறிவேப்பிலை வளரும்.

தவறு கொழும்பினுடையதன்று, தெரிவினுடையது. ஒரு தண்டுக்கு ஒரு பெரிய பூவாகப் பூக்கும் ‘ஹைபிரிட் டீ’ வகைகள் குளிர்ந்த இரவுகளை விரும்புபவை. எங்கள் இரவோ ஆண்டு முழுவதும் வெக்கையானது. இந்த நகரத்துக்குப் பொருந்துவது கொத்தாகப் பூக்கும் ‘புளோரிபண்டா’ வகையே. டென்மார்க்கைச் சேர்ந்த சுவெண்ட் பவுல்சன், சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும் பொலியந்தா ரோஜாவையும் பெரும் பூ ரோஜாவையும் இணைத்து 1924 இல் வெளியிட்ட ‘எல்சே பவுல்சன்’ இந்த வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதன் நிறமும் இளஞ்சிவப்புத்தான். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் முதலாவது தலைமை இயக்குநராக 1965 இல் பதவியேற்ற கோதுமை விஞ்ஞானி பி.பி. பால், ரோஜா வளர்ப்பிலும் பெயர் பெற்றவர். டெல்லியின் வெயிலில் அவர் உருவாக்கிய ரோஜாக்களில் புளோரிபண்டாக்களும் உண்டு. குளிர் நாட்டில் பிறந்த ஒரு வகை வெப்ப நாட்டிலும் நிலைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தச் செடி இரண்டு, மூன்று அடிக்கு மேல் உயராது. இரண்டரை அடிக்கு ஒன்றாக நடலாம். பூத்து முடிந்த கொத்தை, வெளிப்பக்கம் பார்த்த நல்ல இலைக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால், ஆறேழு வாரங்களில் மீண்டும் பூக்கும். குறையையும் சொல்லவேண்டும். பல வகைகளுக்கு மணம் குறைவு. ஒற்றைப் பூவாகப் பறித்துக் குவளையில் வைத்தால் எடுப்பாகத் தெரியாது. இது செடியில் வைத்துப் பார்க்கவேண்டிய பூ.

இனி, இந்தச் செடி எனக்கு எப்படி வந்தது என்ற கதைக்கு வருகிறேன்.

கொட்டாஞ்சேனையில் என் பெரியம்மாவின் வீடு தெருவோடு ஒட்டியது. முற்றம் என்று சொல்ல அங்கே இருந்தது இரண்டு படிகளும் ஒரு முழ அகல மண்ணும்தான். துறைமுகத்துக்குப் போகும் லொறிகளின் புழுதி அந்தப் படிகளில் படியும். அந்த ஒரு முழத்தில் ஓர் இளஞ்சிவப்பு ரோஜா கொத்துக் கொத்தாகப் பூத்தது. அதன் பெயர் பெரியம்மாவுக்குத் தெரியாது; எனக்கும் இன்றுவரை தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அதன் பூ பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த வீட்டு அன்ரி கேட்டு வாங்கிச் சாந்த லூசியா பேராலயத்துக்குக் கொண்டுபோவார். அதிலிருந்து ஒரு கிளையை வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து அம்மா நட்டார். அப்பாவோ நுவரெலியாவிலிருந்து ஓர் ஒட்டுக்கன்றை வாங்கிவந்து அதன் பக்கத்தில் வைத்தார். எது நல்லது என்பதில் இருவருக்கும் ஓயாத போட்டி.

1983 ஜூலை 25 ஆந் திகதி அந்த வீடு எரிந்தது. அன்றைய தினம் பற்றி நானும் மற்றவர்களும் நிறைய எழுதியிருக்கிறோம். இங்கு அதற்குள் போகவில்லை. மூன்று மாதங்களுக்குப் பிறகு, மிஞ்சியதைப் பார்க்க நானும் அம்மாவும் போனோம். கூரை இல்லை. முன்முற்றத்தில் இரண்டு செடிகளும் கருகிய கட்டைகளாக இருந்தன. ஆனால் ஒக்ரோபர் மழையில் இரண்டுமே அடியிலிருந்து தளிர்த்திருந்தன.

பின்னர் அவை பூத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அப்பாவின் ரோஜாவில் சின்னஞ்சிறிய வெள்ளைப் பூக்கள். ஒட்டுக்கட்டிய மேற்பகுதி எரிந்துபோக, அடியிலிருந்த காட்டு ரோஜாவின் வேர் தன் சொந்தப் பூவைப் பூத்திருந்தது. பெரியம்மாவின் செடியோ தண்டை வெட்டி நட்டது. தன் வேரிலேயே நின்றது. ஆகவே, அது பழைய இளஞ்சிவப்பிலேயே திரும்பி வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்தப் போட்டி நடக்கவில்லை.

இதிலிருந்து பெரிய அரசியல் தத்துவம் எதையும் நான் வரையப்போவதில்லை. தோட்டக்காரனுக்கான பாடம் ஒன்று மட்டும் இருக்கிறது. சிறிய முற்றத்துக்கு ரோஜா தேடுபவர்கள், முடிந்தால் தண்டு நட்டு வேர்விட்ட கன்றையே தேடுங்கள். பத்தரமுல்லையின் கன்று விற்பனை நிலையங்களில் கேட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, நன்றாகப் பூக்கும் வீட்டில் ஒரு கிளை கேட்பது. பென்சில் மொத்தத்தில், பூத்து முடிந்த தண்டை எட்டு அங்குலத்துக்கு வெட்டி, மணலும் தும்புத் தூளும் கலந்த சாடியில் நிழலில் வையுங்கள். ஐந்தில் இரண்டு பிழைத்தாலும் போதும். கனடாவிலிருந்து வாசிக்கும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் பனி, எங்கள் நெருப்புச் செய்த அதே வேலையைச் செய்கிறது. ஒட்டுக்கு மேலே உள்ளது உறைந்து செத்தால், வசந்தத்தில் வருவது நீங்கள் வாங்கிய ரோஜா அல்ல.

கொழும்பில் இந்தச் செடிக்கு எதிரிகள் மூவர். முதலாவது ஈரம். கரும்புள்ளி நோயைத் தரும் பங்கசு, இலை ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் தொடர்ந்து நனைந்திருந்தால் தொற்றிக்கொள்ளும். மாலையில் குழாயைப் பிடித்துச் செடியைக் குளிப்பாட்டுகிறவர்கள் அந்த நோய்க்குப் பாய் விரிக்கிறார்கள். காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள். விழுந்த இலைகளைப் பொறுக்கி அகற்றுங்கள். 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளைகளின் இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் பின்வாங்கியது. விவசாயியின் வயிற்றில் அடித்த முடிவு அது. ஆனால் மூன்றடி முற்றத்துக்கு மக்கிய மாட்டெருவும் சமையலறைக் கழிவும் போதும் என்பதை அந்த மாதங்களில் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது எதிரி நுளம்பு. 2017 இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவாகினர். பூச்சாடியின் கீழே தட்டு வைத்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தட்டில் தேங்குகிற நீர், மண்ணில் தேங்குவதில்லை. நுளம்புக்குப் பயந்து மண்ணை மூடுகிறவர்கள், மழைநீர் போக இருந்த வழியையும் சேர்த்தே மூடுகிறார்கள்.

மூன்றாவது எதிரி நிழல். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், ஒரு பக்கத்துத் தொடர்மாடி மறுபக்கத்து முற்றத்தின் வெயிலைத் தின்றுவிடுகிறது. ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணித்தியால வெயில் வேண்டும். நடுவதற்கு முன்னர் ஒரு நாள் முழுவதும் உங்கள் முற்றத்தைக் கவனியுங்கள். வெயில் இல்லையென்றால் ரோஜாவை வதைக்காதீர்கள். நிழலில் வளரக்கூடிய வேறு செடியை வையுங்கள். மண் இருக்கவேண்டும் என்பதே என் வாதம்.

எதிர்வாதத்தையும் நான் அறிவேன். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஆடம்பரத்துக்காக வைத்திருக்கவில்லை. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற பிள்ளைகள் அவர்கள். தெருவில் நிறுத்தினால் திருட்டுப் பயம். நிலம் பேர்ச் கணக்கில் விலைபேசப்படும் ஊரில், அறுபது சதுர அடியைப் பூவுக்கு விடுவது வீண் என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் எங்கள் கட்டடத்தின் பின்பக்கத்தில், பழைய தண்ணீர் மோட்டரும் உடைந்த கதிரைகளும் கிடக்கிற இடம் இதைவிடப் பெரிது. அதைத் துப்புரவாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எளிதில் மூடக்கூடியது மண் என்பதாலேயே அது முதலில் மூடப்படுகிறது.

1983 க்குப் பிறகு எங்கள் வீதிகளில் மதில்கள் உயர்ந்தன. கம்பிக் கேற்றுகள் இரும்புத் தகடுகளாயின. அதற்குக் காரணம் இருந்தது, நானும் உயர்த்தினேன். அந்தப் பயம் இன்று குறைந்திருக்கலாம், மதில்கள் குறையவில்லை. தெருவில் போகிறவரும் வீட்டில் இருப்பவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள எஞ்சியிருக்கும் இடம் இந்த முன்முற்றம்தான். விடியற்காலையில் சாமிக்கென்று சொல்லாமற் கொள்ளாமற் பூப்பறிக்கும் அம்மா ஒருவருடன் சண்டை பிடிக்கப்போய்த்தான் அவர் எங்கள் ஒழுங்கையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறார் என்பதை அறிந்தேன். இப்போது அவர் கேட்டுவிட்டுப் பறிக்கிறார். அவரிடம் ஒரு கிளையும் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

செயலாளருக்கு என் பதில் இதுதான். தம்பி, நின்று பூவைப் பார்க்க நேரம் இருக்கிறவர் எவருமில்லை. நானும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றும்போது பார்க்கிறேன், போகிற போக்கில் நீங்களும் பார்க்கிறீர்கள். கடந்த வாரம் உங்கள் மகள் ஒரு கொத்தைக் காட்டி, “இது எப்ப விரியும் தாத்தா?” என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். வியாழக்கிழமை வந்து பார்த்தாள்.

அடுத்த கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. வாக்கெடுப்பில் நான் தோற்கலாம். அதனால் ஆறு செடிகளிலிருந்தும் இரண்டிரண்டு தண்டுகளை இப்போதே வெட்டி, என் பல்கணியில் நிழலான மூலையில் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தைத் துப்புரவாக்க ஆள் தேவையென்றால், முதலாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.