இரண்டு மரக்கால்

ஐரோப்பாவில் ஒரு புது ரகக் கார் மும்முரமாக விற்பனையாகிறது. அதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. இரவில் செல்போனுக்குப் போல அதற்கும் சார்ஜ் ஏற்றினால், மறுநாள் ஐம்பது அறுபது கிலோமீட்டர் பெட்ரோல் இல்லாமலே ஓடும். அதற்கு மேல் எஞ்சின் பார்த்துக்கொள்ளும். பெயர் 'பிளக்-இன் ஹைபிரிட்'. ஐரோப்பிய யூனியனில் 2024ல் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு ஏழு இந்த ரகம்; 2025ல் ஒன்பதைத் தாண்டிவிட்டது.

நல்லதுதானே என்று கேட்கலாம். சார்ஜ் ஏற்றினால் நல்லதுதான். ஏற்றுகிறார்களா?

ஐரோப்பியச் சட்டப்படி, ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரிப் புகை வரம்பை மீறினால், மீறிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். லட்சக்கணக்கில் கார் விற்கும் முதலாளிக்கு இது பெருந்தொகை. இங்கேதான் ஹைபிரிட் கைகொடுக்கிறது. அது பெரும்பாலும் மின்சாரத்தில்தான் ஓடும் என்று சட்டமே முன்கூட்டி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் கிலோமீட்டருக்குச் சுமார் 40 கிராம் கரியமிலவாயு. 2021ல் பதிவான கார்களின் மீட்டர்களையே படித்துவிட்டு ஐரோப்பியக் கமிஷன் 2024 மார்ச்சில் சொன்னதோ 139 கிராம்! மூன்றரை மடங்கு. நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால் வைத்திருந்த பண்ணையார்களைப் பற்றி நமது விவசாயத் தொழிலாளர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே புதுக் கார்களில் பாதிக்கு மேல் கம்பெனிகளின் பெயரில் வாங்கப்படுபவை. ஓட்டுவது பெரிய உத்தியோகஸ்தர்; பெட்ரோல் பில்லைக் கட்டுவது கம்பெனி. அவர் ஏன் சார்ஜ் கம்பியைத் தொடப்போகிறார்? ஜெர்மனியில் இப்படிப்பட்ட கம்பெனிக் காருக்கு வரிக் கணக்கிலும் பாதி தள்ளுபடி. பஸ்ஸில் போகிறவனுக்கு இந்த யோகம் உண்டா?

பொய்க் கணக்கைத் திருத்தும் விதி 2025 முதல் படிப்படியாக அமலாகிறது. அதைக் கைவிடும்படி ஜெர்மன் கார் முதலாளிகள் சங்கம் நெருக்குகிறது. 2035க்குப் பிறகு புகை விடும் புதுக் கார் கூடாது என்ற விதியைத் தளர்த்தி, இந்த ரகத்துக்கும் இடம் விட 2025 டிசம்பரில் கமிஷனே யோசனை வைத்தது. காரணமாகக் காட்டப்படுவது தொழிலாளியின் வேலை.

எஞ்சினும் கியர்பாக்ஸும் செய்யும் தொழிலாளியின் பயம் பொய்யல்ல. வோக்ஸ்வேகன் ஜெர்மனியில் 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைப்பதென்று 2024 டிசம்பரில் முடிவாயிற்று. பிரஸ்ஸல்ஸில் ஆவுடி ஆலை 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. சுமார் 3,000 பேர் வேலை போயிற்று. ஆனால் ஹைபிரிட் அவர்களைக் காக்குமா? சீனாவின் முழு மின்சாரக் கார்களுக்கு 2024 அக்டோபரில் கூடுதல் தீர்வை விதித்தார்கள், ஹைபிரிடை விட்டுவிட்டார்கள். பிஒய்டி போன்ற சீனக் கம்பெனிகள் அந்த வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டன.

காரிலேயே மீட்டர் இருக்கிறது. அது காட்டும் கிராமுக்கு முதலாளி அபராதம் கட்டட்டும். சலுகை வேண்டுமென்றால், எந்த ஆலையில் எத்தனை பேருக்கு எத்தனை வருஷம் வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து கேட்கட்டும்.