இருபது ரூபாய்ப் பக்தி

"பழவேற்காட்டைப் பாரும்! கிறிஸ்து மதம் நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாக அங்கே நிலைத்திருப்பதற்குக் கல்லே சாட்சி" என்று நண்பர் ஒருவர் என்னிடம் அடித்துப் பேசினார். பெரிய கோயில், உயர்ந்த கோபுரம், ஆடம்பரமான தேர் இவையெல்லாம் இருந்தால் விசுவாசம் தானே வளரும் என்பது அவர் கட்சி. நானும் ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவன்தான். ஆனாலும் அந்தக் கட்சியில் சேர எனக்கு மனமில்லை.

கல் சாட்சி சொல்லும். ஒன்றையும் மறைக்காமல் சொல்லும். அதுதான் சங்கடம். 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களும் வேதம் வாசித்தவர்களே. சித்திர வேலைப்பாடுள்ள அவர்களுடைய கல்லறைக் கற்களை இன்றும் பார்க்கலாம். ஆனால், அதே துறையிலிருந்துதான் அந்த நூற்றாண்டில் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். ஞாயிறன்று செபம், திங்களன்று அடிமை வியாபாரம்! கல் உறுதியாகத்தான் இருந்தது. விசுவாசம் எங்கே இருந்தது?

டச்சுக்காரனைத் திட்டுவது சுலபம். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் ஒரு கிழவி இறால் விற்றுக்கொண்டிருந்தாள். இருளர் குலத்தவள். வலை கிடையாது, படகு கிடையாது. நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறியில் போடுவது அவர்கள் தொழில்.

"ஆயா, இருபது ரூபாய் குறைச்சுக்கோ" என்றேன்.

"விடியறதுக்கு முந்தி இறங்கினது, சாமி" என்றாள்.

நான் விடவில்லை, அவள் குறைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து, கோயில் காணிக்கைப் பெட்டியில் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை நாலு பேர் பார்க்கும்படியாகப் போட்டேன். அதில் இருபது அவளுடையது அல்லவா?

அந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். சண்டையில்லாமல் பிழைக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலைக்கட்டுக் கணக்கில் உள்ளவனுக்கே பாடு. கிழவியின் இனத்துக்கு அது கிடையாது. கிறிஸ்து பட்ட துன்பத்தையும் நாம் 'பாடுகள்' என்றே சொல்கிறோம். தவக்காலத்தில் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம். பாடு இல்லாதவள் படும் பாடு மட்டும் நம் காதில் விழுவதில்லை.

"அப்படியானால் கோயிலே வேண்டாம் என்கிறீரா?" என்று நண்பர் சீறினார்.

வேண்டாமென்று யார் சொன்னது? பள்ளிக்கூடமும் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடச் சுவரைக் காட்டி, 'நான் படித்தவன்' என்று ஒருவன் சொன்னால் ஊர் சிரிக்காதா? கோயில் பாடம் கேட்கிற இடம். பரீட்சை நடப்பது மீன் கூடைக்கு எதிரில், தராசுக்கு முன்னால். நான் அதில் தோற்றேன்.

மறுவாரம் இருபது ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். கிழவி அன்று வரவில்லை. பணம் இன்னும் என் பையில் இருக்கிறது. அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுக் கணக்குத் தீர்த்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.